கிண்டி ரேஸ் முன்னோட்டங்களில் இல்லாத மூன்றாவது பத்தி

ஆங்கில நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில், கிரிக்கெட்டுக்கும் டென்னிஸுக்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு பத்தி வரும். சென்னை ரேஸ், பெங்களூர் ரேஸ், ஊட்டி ரேஸ் என்று ஊர் பெயரோடு வரும். ஆர்வம் இல்லாதவர்கள் கண் அங்கே நிற்காது. ஆர்வம் உள்ளவர்கள் அன்றைக்கு வேறு எதையும் படிக்க மாட்டார்கள். இன்று ஓடப்போகும் ஏழெட்டு ரேஸில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று சொல்கிற முன்னோட்டப் பத்தி அது.

சினிமா விமர்சனத்தையே நாம் விமர்சனம் செய்கிறோம். தேர்தல் கருத்துக்கணிப்பு தப்பினால் ஒரு வாரம் டிவியில் கிழிக்கிறோம். வானிலை ரமணன் சார் காலத்தில் "மழை வரலாம்" என்பதற்கு எத்தனை ஜோக் அடித்தோம். இந்த ரேஸ் பத்தியை மட்டும் ஒரு எழுத்து வகையாக எடுத்து வைத்து யாரும் பேசி நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் கருத்துக்கணிப்பைப் படித்துவிட்டு சம்பளப் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் ரொம்பக் குறைவு. இதைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நிறைய.

நான் ரேஸ் ஆடுகிறவன் இல்லை. ஒரு கணிப்பு எப்படி எழுதப்படுகிறது, பிறகு அது எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்பதுதான் என் ஆர்வம். சாஃப்ட்வேர் வேலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த நிரலாக இருந்தாலும், "டெஸ்ட் எங்கே?" என்று கேட்போம். அதே கேள்வியைத்தான் இந்தப் பத்தியிடமும் கேட்கப் போகிறேன்.

பத்திக்குள் என்ன இருக்கிறது

தி இந்து போன்ற பத்திரிகைகளில் பல வருடமாக வருகிற வடிவம் ஏறக்குறைய மாறாதது. முதல் வாக்கியத்தில் அன்றைய முக்கிய ரேஸ், அதில் ஜெயிக்கக்கூடிய குதிரை. அடுத்து ஃபால்ஸ் ரெயில்ஸ் பற்றி ஒரு வரி. ஓடுபாதையின் உள்விளிம்பு புல் தேய்ந்துவிடாமல் இருக்க, வேலியை சில மீட்டர் வெளியே தள்ளி வைப்பார்கள். எத்தனை மீட்டர், எங்கிருந்து எங்கே என்பது அந்த வரியில் இருக்கும். பிறகு ஒவ்வொரு ரேஸாக, எத்தனை மீட்டர், எந்த ரேட்டிங் வகுப்பு, குதிரைகளின் பெயர், தூக்கும் எடை, ஜாக்கி. அதன் கீழே 1, 2, 3 என்று மூன்று பெயர். கடைசியில் டேஸ் பெஸ்ட், டபுள், ஜாக்பாட், டிரெபிள். அவ்வளவுதான்.

இதற்கு முன்னோடியாக வாரநாட்களில் இன்னொரு குட்டிப் பத்தி வரும், டிராக் ஒர்க். காலையில் குதிரைகளுக்குப் பயிற்சி ஓட்டம் கொடுக்கும்போது வாட்ச் பிடித்து எழுதுவது. மணல் பாதையில் 600 மீட்டர் 40 விநாடி, 800 மீட்டர் 54 விநாடி என்கிற மாதிரி. நேரத்துக்குப் பக்கத்தில் ரெண்டு வார்த்தையில் ஒரு குறிப்பு: எளிதாக ஓடியது, நல்ல கட்டுப்பாட்டில் வந்தது, உந்தித் தள்ளப்பட்டது.

இந்தக் குட்டிப் பத்தியை நான் மதிக்கிறேன். எழுதியவர் விடியற்காலையில் அங்கே நின்று பார்த்திருக்கிறார். 600 மீட்டரை 40 விநாடியில் ஓடின இரண்டு குதிரைகளில் ஒன்று ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருக்கும்போதே ஓடியது, இன்னொன்று சாட்டை காட்டி ஓட்டப்பட்டது என்றால் இரண்டும் ஒன்றில்லை. அந்த வித்தியாசத்தை வாட்ச் சொல்லாது, மனுஷன்தான் சொல்லணும். புதுக் குதிரைகள் மட்டும் ஓடும் ரேஸில் பழைய ஓட்டக் கணக்கே கிடையாது. அங்கே இந்த ரெண்டு வார்த்தைதான் கிடைக்கிற ஒரே நேரடித் தகவல்.

ஆக இந்த எழுத்தாளர்கள் வெறும் ஜோசியம் சொல்கிறவர்கள் இல்லை. அவர்களிடம் உண்மையான கவனிப்பு இருக்கிறது. அந்தக் கவனிப்பு கடைசியில் எதுவாக மாறி அச்சாகிறது என்பதில்தான் சிக்கல்.

எடைக்காரரும் டிப்ஸ்காரரும்

கிண்டியில் நடப்பது தடை தாண்டாத, தட்டையான ஓட்டம் மட்டுமே. அதில் பெரும்பாலானவை ஹேண்டிகேப் ரேஸ். அதாவது ஒவ்வொரு குதிரைக்கும் அதன் பழைய ஓட்டங்களைப் பார்த்து ஒரு ரேட்டிங் எண் தருவார்கள். 20 முதல் 45 வரை ஒரு வகுப்பு, 40 முதல் 65 வரை ஒரு வகுப்பு என்று பிரிப்பார்கள். வகுப்புக்குள் ரேட்டிங் கூடுதலாக இருக்கும் குதிரை அதிக எடை தூக்கணும். ஒரு புள்ளிக்கு அரை கிலோ. 65 புள்ளிக் குதிரை 60 கிலோ தூக்கினால், 53 புள்ளிக் குதிரை 54 கிலோ தூக்கும். ஜெயித்தால் ரேட்டிங் ஏறும், அடுத்த தடவை எடையும் ஏறும். தொடர்ந்து தோற்றால் இறங்கும்.

இந்த ஏற்பாட்டின் நோக்கம் என்ன? எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கம்பத்தைத் தொடவேண்டும் என்பதுதான். ஹேண்டிகேப்பர் என்ற அதிகாரியின் கனவு, பத்துக் குதிரையும் மூக்கோடு மூக்கு உரசி முடிவது. இருக்கிற தகவலை எல்லாம் வைத்து வித்தியாசத்தை அழிப்பது அவர் வேலை. அதே தகவலை வைத்து வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது டிப்ஸ்காரர் வேலை.

அப்படியானால் "போன ரேஸில் ஜெயித்தது, அதனால் இந்த முறையும் ஜெயிக்கும்" என்று எழுதுவது ஹேண்டிகேப் ரேஸில் பாதி வாக்கியம். போன வெற்றிக்கான தண்டனை ஏற்கெனவே சேணத்தில் ஈயமாக ஏறிவிட்டது. மீதிப் பாதி வாக்கியம், "அந்த எடை போதவில்லை, குதிரை அதைவிட முன்னேறியிருக்கிறது, காரணம் இது" என்று இருக்கணும். நல்ல முன்னோட்டத்துக்கும் சாதா முன்னோட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த மீதிப் பாதியில் பார்க்கலாம். தூரம் 1200லிருந்து 1400க்கு மாறியிருக்கிறது, கடைசியில் வேகம் எடுக்கும் குதிரை, அதனால் பொருந்தும் என்று எழுதினால் அது வாதம். டிரெய்னர் நல்ல ஃபார்மில் இருக்கிறார் என்று மட்டும் எழுதினால் அது மரியாதை.

நாலு வினைச்சொல்

இந்தப் பத்திகளின் மொழியை உற்றுப் பார்த்தால் மொத்தமே நாலைந்து வினைச்சொல்தான். ஒரு குதிரை "ஜெயிக்க வேண்டும்". இன்னொன்று "ஜெயிக்கலாம்". மூன்றாவதற்குக் "கை சற்று ஓங்கியிருக்கிறது". நாலாவது "எதிர்பார்க்கப்படுகிறது". ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்.

இதில் "வேண்டும்" என்பது நூற்றுக்கு எத்தனை? "லாம்" என்பது எத்தனை? எட்டுக் குதிரை ஓடும் ரேஸில் "ஜெயிக்க வேண்டும்" என்பது 60 சதவீத நம்பிக்கையா, 30 சதவீதமா? இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான். அந்தக் குதிரை தோற்றால் எழுதியவர் தப்பா? "வேண்டும் என்றுதான் சொன்னேன், நிச்சயம் என்று சொல்லலையே." ஜெயித்தால் சரியா? "பார்த்தீங்களா, சொன்னேனே." தோற்கவே முடியாத வாக்கியம் இது.

வானிலைத் துறை இந்தப் பிரச்சினையை எப்போதோ கையில் எடுத்தது. கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர் 1950இல் ஒரு எளிய அளவுகோல் சொன்னார். மழைக்கு 70 சதவீதம் வாய்ப்பு என்று நீங்கள் சொல்லி, மழை பெய்தால் உங்கள் பிழை 0.3, அதன் வர்க்கம் 0.09. பெய்யவில்லை என்றால் பிழை 0.7, வர்க்கம் 0.49. எப்போதும் 50 என்று சொல்லித் தப்பித்தால் ஒவ்வொரு நாளும் 0.25. வருடக் கடைசியில் சராசரி எடுத்தால் யார் குறைவோ அவர் கெட்டிக்காரர். தைரியமாகச் சொல்லிச் சரியாக இருப்பவருக்குப் பரிசு, தைரியமாகச் சொல்லித் தப்பானவருக்குப் பெரிய அபராதம். வினைச்சொல்லுக்குப் பதிலாக ஒரு எண்ணை எழுதினால் போதும், ரேஸ் பத்திக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஜெயிக்குமா, கட்டலாமா

முன்னோட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை இனிமேல்தான் வருகிறது. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்பது ஒரு கேள்வி. அதன்மேல் பணம் கட்டலாமா என்பது வேறு கேள்வி. பத்தி முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. வாசகர் அதை இரண்டாவது கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போகிறார்.

டோட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரியும். 1860களில் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் என்பவர் கொண்டுவந்த முறை. எல்லார் பணத்தையும் ஒரே குளத்தில் போட்டு, கமிஷனைக் கழித்து, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பங்கு போடுவது. (இதைக் கணக்கிட ஜார்ஜ் ஜூலியஸ் செய்த தானியங்கி இயந்திரம் 1913இல் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி மைதானத்தில் ஓடத் தொடங்கியது. பல கவுன்டர்களில் விற்கும் டிக்கெட்டை உடனுக்குடன் கூட்டிய அந்த இரும்பு ராட்சசனைக் கணினியின் தாத்தாக்களில் ஒருவர் என்று சொல்லலாம். இன்னொரு நாள் தனியாக எழுதுகிறேன்.)

ஒரு கற்பனை ரேஸ் வைத்துக்கொள்வோம். வின் குளத்தில் மொத்தம் 1,00,000 ரூபாய். கமிஷன் கணக்குக்காக 20 சதவீதம் என்று வைப்போம். பங்கு போட மிச்சம் 80,000. முதல் நம்பர் குதிரைமேல் 40,000 விழுந்திருக்கிறது. அது ஜெயித்தால் ஒரு ரூபாய்க்கு 2 ரூபாய். அதாவது போட்ட பணம் திரும்ப வரவேண்டும் என்றாலே அந்தக் குதிரை இரண்டுக்கு ஒரு தடவை ஜெயிக்கணும். கூட்டமோ அதற்கு 40 சதவீதம்தான் தருகிறது. கூட்டம் சொல்வது சரியாகவே இருந்தாலும் நூறு ரூபாய்க்கு 80 தான் திரும்பும்.

ஐந்தாம் நம்பர் குதிரைமேல் 5,000 மட்டும். ஜெயித்தால் ரூபாய்க்கு 16. போட்டது திரும்பிவர 6.25 சதவீதம் போதும். அதன் உண்மையான வாய்ப்பு 8 சதவீதம் என்றால், நீண்டகாலத்தில் நூறு ரூபாய்க்கு 128 வரும். ஆனால் நூற்றில் 92 தடவை தோற்கும்.

இப்போது இரண்டு டிப்ஸ்காரர்களை ஒப்பிடுங்கள். ஒருவர் எப்போதும் முதல் வகைக் குதிரையைச் சொல்கிறார், பத்தில் நாலு ஜெயிக்கிறது. ஊரே புகழும். அவரை நம்பிக் கட்டியவர் நஷ்டத்தில் இருப்பார். இன்னொருவர் இரண்டாவது வகையைச் சொல்கிறார், பன்னிரண்டில் ஒன்று ஜெயிக்கிறது. அவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லாபம் அங்கேதான் இருக்கும். எத்தனை டிப் பலித்தது என்ற எண்ணிக்கை தனியாக எதையும் சொல்லாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. டிப்ஸ்காரர் கூட்டத்தைவிடக் கெட்டிக்காரர் என்றே வைப்போம். 30 சதவீதம் வாய்ப்புள்ள ஒரு குதிரைக்குக் கூட்டம் 20 தான் தந்திருக்கிறது. ரூபாய்க்கு 4 கிடைக்கும், கட்டலாம், நூறுக்கு 120 வரும். இதைக் கண்டுபிடித்து அவர் பேப்பரில் எழுதுகிறார். படித்த எல்லாரும் கட்டுகிறார்கள். குளத்தில் அதன் பங்கு 30 ஆகிறது, கிடைப்பது ரூபாய்க்கு 2.67 ஆகிறது, நூறுக்கு 80 தான். புக்கியிடம் என்றால் கட்டும்போதே ரேட் உறுதியாகிவிடும், முந்திக்கொண்டவர் பிழைத்தார். டோட்டில் கதவு திறக்கும்வரை மாறிக்கொண்டே இருக்கும். அச்சான நல்ல டிப் தன்னைத்தானே தின்றுவிடுகிறது.

அப்படியானால் என்ன செய்யணும்? குதிரை பெயரோடு ஒரு விலையையும் எழுதணும். "இந்தக் குதிரைக்கு என் கணக்கில் 30 சதவீதம். கமிஷன் போக ரூபாய்க்கு 3.35க்கு மேல் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள், குறைந்தால் விட்டுவிடுங்கள்." ஒரே ஒரு வாக்கியம்தான் கூடுதல். நான் படித்த முன்னோட்டங்களில் இந்த வாக்கியம் இல்லை. "இந்த ரேஸை விட்டுவிடுங்கள்" என்று சொன்ன முன்னோட்டத்தையும் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது பத்தி

ரேஸ் முடிந்த மறுநாள் அதே பேப்பரில் முடிவுகள் வரும். அது அருமையான தரவு. முதல் நான்கு குதிரைகள், இடைவெளி எத்தனை நீளம், ஓடிய நேரம் விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை, டோட் வின், பிளேஸ், ஃபோர்காஸ்ட், குயினெல்லா, டானலா தொகைகள், ஃபேவரிட் எது என்பது வரை இருக்கும். முதல் பத்தி கணிப்பு. இரண்டாவது பத்தி விடை. இரண்டும் ஒரே பேப்பர், சில சமயம் அதே மூலை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்கிற மூன்றாவது பத்தி மட்டும் வருவதில்லை. "இந்த சீசனில் எங்கள் டேஸ் பெஸ்ட் எல்லாவற்றிலும் பத்துப் பத்து ரூபாய் கட்டியிருந்தால் இன்று கையில் இவ்வளவு." ஒரு வரிதான்.

முடியாத காரியமா? பிரிட்டனில் செய்கிறார்கள். அங்கே பத்திரிகை டிப்ஸ்காரர் அன்றைக்குத் தரும் தலைசிறந்த ஒரு தேர்வுக்கு நாப் என்று பெயர். நெப்போலியன் என்ற சீட்டாட்டத்திலிருந்து வந்த சொல். நம்ம டேஸ் பெஸ்ட்தான். ரேசிங் போஸ்ட் பத்திரிகை எல்லாப் பத்திரிகைக்காரர்களின் நாப்பையும் சேர்த்து, சமமான தொகை கட்டியிருந்தால் லாபமா நஷ்டமா என்று பட்டியல் போடுகிறது. தன் போட்டிப் பத்திரிகை ஆட்கள், தன் சொந்த ஆட்கள் எல்லாரும் அதில் வரிசையாக நிற்பார்கள். யார் மைனஸில் இருக்கிறார் என்று வாசகருக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். ஒரு சீசன் போதாது. ஒரு டிப்ஸ்காரர் 140 ரேஸில் 35 சதவீதம் சரியாகச் சொன்னார் என்றால், தற்செயல் ஆட்டம் மட்டுமே 8 சதவீதப் புள்ளி மேலும் கீழும் இழுக்கும். உண்மைத் திறமை 27ஆகவும் இருக்கலாம், 43ஆகவும் இருக்கலாம். 40 டேஸ் பெஸ்ட் மட்டும் எண்ணினால் 15 புள்ளி இழுக்கும், ஒன்றுமே சொல்ல முடியாது. பல வருடக் கணக்கு வேண்டும். அதனால்தான் பத்திரிகை செய்யவேண்டிய வேலை இது, தனி ஆள் ஞாபகத்தை நம்பிச் செய்கிற வேலை இல்லை.

நீதிமன்றம் சொன்ன திறமை

"சும்மா பொழுதுபோக்குப் பத்தி, இதுக்குப் போய் இவ்வளவா?" என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குச் சட்டப் பின்னணி ஒன்று இருக்கிறது.

கிண்டியில் குதிரை ஓடுவது 1777லிருந்து என்கிறார்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் உருவானது. 1974இல் கலைஞர் ஆட்சியில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. நீதிமன்றத் தடையால் பந்தயம் நிற்கவில்லை. 1986இல் எம்ஜிஆர் ஆட்சியில் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். இரண்டும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போய், 1996 ஜனவரியில் டாக்டர் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் தீர்ப்பு வந்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டு இல்லை, பிரதானமாகத் திறமை விளையாட்டு, ஆகவே அது சூதாட்டம் ஆகாது என்றது. இந்தியாவில் ரம்மி முதல் ஆன்லைன் கேம் வரை பிறகு வந்த பல வழக்குகளில் மேற்கோள் காட்டப்பட்ட தீர்ப்பு இது. 2003இல் லாட்டரி தமிழ்நாட்டில் மொத்தமாக நின்றுபோனது. ரேஸ் நிற்கவில்லை.

தீர்ப்பின் வாதத்தை ஊன்றிப் படித்தால் அதில் பல திறமைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பது தெரியும். குதிரையின் வேகமும் தாங்குசக்தியும் பயிற்சியால் வருவது. ஜாக்கி கலைஞன். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது குதிரையின் திறமை, ஜாக்கியின் திறமை. டிக்கெட் வாங்குகிறவரின் திறமை, இவற்றை எல்லாம் எடைபோடுவது. அந்தத் திறமை இருக்க முடியும் என்பது உண்மை. எல்லாருக்கும் இருக்கிறது என்பது வேறு. சட்டத்துக்கு முதலாவது போதும். வீட்டுக்கு அரிசி வாங்குகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

அந்தத் திறமையை ஊருக்கே காட்டக்கூடிய ஒரே இடம் இந்த முன்னோட்டப் பத்திதான். திறமை விளையாட்டு என்றால், அதில் தேர்ந்தவர்கள் தினமும் அச்சில் கணிக்கிறார்கள் என்றால், மதிப்பெண் பட்டியல் இருக்கணும். செஸ்ஸில் ஈலோ எண் இருக்கிறது. கிரிக்கெட்டில் சராசரி இருக்கிறது. குதிரைக்குக்கூட ரேட்டிங் இருக்கிறது. கணிப்பவருக்கு மட்டும் இல்லை.

கம்ப்யூட்டர் போட்டால் வருமா

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் என்ன வேலை என்று தெரிந்த நாளிலிருந்து ஒரே கேள்வி.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர் ஆளாச்சே. இதுக்கு ஒரு சாஃப்ட்வேர் போட முடியாதா?"

"போட்டிருக்காங்க ஐயா. ஹாங்காங்ல."

பில் பென்டர் என்ற அமெரிக்கர். 1980களில் ஹாங்காங் போய் உட்கார்ந்து, குதிரை ஒவ்வொன்றுக்கும் ஜெயிக்கும் நிகழ்தகவை மதிப்பிடும் மாதிரியை எழுதினார். அடிப்படை, போல்டன், சாப்மன் என்ற இருவர் 1986இல் வெளியிட்ட ஆய்வு. பென்டர் 1994இல் தன் முறையைத் தானே கட்டுரையாக எழுதினார். அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. அவருடைய மாதிரி தனியாக நின்றபோது போதவில்லை. கூட்டத்தின் டோட் விலையையும் ஒரு தகவலாக உள்ளே சேர்த்தபோதுதான் வேலை செய்தது. அதாவது கூட்டம் முட்டாள் இல்லை. கூட்டத்துக்குத் தெரிந்தது எல்லாம் உங்களுக்கும் தெரிந்து, அதற்கு மேல் கொஞ்சம் தெரிந்தால்தான் காசு.

ஹாங்காங் அவருக்கு ஏன் தோதாக இருந்தது? அங்கே குதிரைக் கூட்டம் சிறியது, மூடியது. அதே குதிரைகள் திரும்பத் திரும்ப மோதும். ஜாக்கி கிளப் தரவை வாரிக் கொடுக்கும். ரேஸுக்கு முன் குதிரையின் உடல் எடை உட்பட. குளமும் பெரியது, ஒருவர் கட்டினால் விலை சரியாது. கிண்டியிலும் குதிரைக் கூட்டம் சிறியதுதான், அதே முகங்கள்தான். ஆகவே கற்றுக்கொள்ள விஷயம் உண்டு. ஆனால் கமிஷனுக்கு மேல் ஏறணும், அதுக்கு மேல் வரி.

வரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2023 அக்டோபர் முதல் பந்தயத் தொகை முழுமைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். 100 ரூபாய் பந்தயத்துக்கு 40 வரி, பாக்கெட்டிலிருந்து போவது 140. நம் கற்பனைக் கமிஷன்படி குளத்திலிருந்து திரும்பப் பங்கு போடுவது 80. ஆக கூட்டம் 20 சதவீதம் என்று நினைக்கும் குதிரைக்கு உண்மையில் 35 சதவீதம் வாய்ப்பு இருந்தால்தான் போட்டது திரும்பும். வரி இல்லாமல் இருந்தால் 25 போதும். இருபதை முப்பத்தைந்தாக அறிந்தவர் டிப்ஸ்காரர் இல்லை, தீர்க்கதரிசி.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் வாதாடவில்லை, வீட்டுக்குள் போய் ஒரு கட்டு ரேஸ் புக்கைக் கொண்டுவந்தார். பென்சிலில் குறிப்புகள். "போன தடவை அம்பத்தெட்டு கிலோ தூக்கிட்டு ரெண்டாவதா வந்துச்சு தம்பி. இந்தத் தடவை அம்பத்தி நாலரைதான். ஆனா வெளி கேட்டு." எடை, கேட் எண், ஜாக்கி மாற்றம் எல்லாம் வருடக்கணக்கில் எழுதியிருக்கிறார். நான் மேலே கேட்ட மீதிப் பாதி வாக்கியம் அவர் பென்சிலில் இருக்கிறது. நிஜமாகவே தேர்ந்த மூளை. நீதிமன்றம் சொன்ன திறமை அதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

அந்தக் கட்டில் குதிரைக் கணக்கு எல்லாம் இருந்தது. பணக் கணக்கு மட்டும் இல்லை. எவ்வளவு போட்டோம், எவ்வளவு வந்தது என்று ஒரு வரி கிடையாது. "அதெல்லாம் எழுதுவாங்களா தம்பி?" என்றார். பேப்பர் அவருக்குக் கற்றுக்கொடுத்த வடிவம் அது. கணிப்புக்கு ஒரு பத்தி, முடிவுக்கு ஒரு பத்தி. மூன்றாவது அவர் வாழ்க்கையிலும் வரவில்லை.

இப்போது ஏன்

கிண்டி மைதானத்தின் 160 ஏக்கரை 1945இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது அரசு, வருட வாடகை 614 ரூபாய் சொச்சம். வாடகை பாக்கி 730 கோடி ரூபாய் என்று வழக்காகி, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து அரசு நிலத்தைக் கையில் எடுத்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் போனது. குளம் வேண்டும், பூங்கா வேண்டும் என்கிற வாதத்தின் பக்கம்தான் நான். வேளச்சேரி வெள்ளத்தைப் பார்த்தவர்கள் வேறு பக்கம் நிற்பது கஷ்டம்.

ஆனால் மைதானத்தின் கதை எப்படி முடிந்தாலும், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கான விடை நிலத்தில் இல்லை, பழைய பேப்பரில் இருக்கிறது. பல பத்தாண்டு முன்னோட்டங்களும் முடிவுகளும் கன்னிமாரா நூலகத்திலும் பத்திரிகை ஆவணங்களிலும் கிடக்கின்றன. ரேஸ் எண், மூன்று தேர்வுகள், டேஸ் பெஸ்ட், ஜெயித்த குதிரை, டோட் தொகை. ஐந்து நெடுவரிசை கொண்ட ஒரு எக்ஸெல் ஷீட். யாராவது இரண்டு மூன்று பேர் ஸ்கேன் செய்து உள்ளிட்டுத் தர முன்வந்தால், கணக்குப் போடும் நிரலை நான் எழுதித் தருகிறேன். முடிவு எந்தப் பக்கம் வந்தாலும் இங்கேயே போடுவேன்.

அதுவரை முன்னோட்டம் படிக்கிறவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி. ஒரு சீசன் முழுக்கப் பணம் கட்டாமல் படியுங்கள். ஒவ்வொரு டேஸ் பெஸ்டுக்கும் ஒரு நோட்டில் மைனஸ் 14 என்று எழுதுங்கள், பத்து ரூபாய் டிக்கெட், நாலு ரூபாய் வரி. ஜெயித்தால் மறுநாள் பேப்பரில் வரும் வின் தொகையை பிளஸ் எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டுங்கள். ஒரு சீசன் திறமையை அளக்கப் போதாது என்று மேலே சொன்னேன். கமிஷனும் வரியும் சேர்ந்து எவ்வளவு கனம் என்று கையில் தூக்கிப் பார்க்க அது தாராளமாகப் போதும்.